பல்கலைக்கழகக் குடும்பக் குடியிருப்பும் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும்

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் என் கணவர் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பல்கலைக்கழகத்தின் குடும்பக் குடியிருப்பில், மேல்தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு நான்கு வயது. அவன் ஓடும் சத்தம் தாங்க முடியவில்லை என்று கீழ்வீட்டுப் பெண் புகார் கொடுத்ததில், குடியிருப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துவிட்டன. விளக்கம் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. இதற்கிடையில் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். விருந்தினர் 14 இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது; 'யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்கிறார் கணவர். காலி செய்யச் சொல்லிவிட்டால் எங்கள் விசா என்னவாகும்? குழந்தை ஓடுவது குற்றமா? கீழ்வீட்டுப் பெண்ணிடம் நேரில் பேசலாமா? இன்னொன்று: தாளிக்கும்போதெல்லாம் ஸ்மோக் அலாரம் அலறுவதால் அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கிறோம். அடுத்த மாதம் வீட்டைப் பார்வையிட வருகிறார்களாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ சின்ன விஷயம் போல நீங்கள் சேர்த்திருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். மேற்கொண்டு படிப்பதற்கு முன் எழுந்து போய் அந்த உறையைக் கழற்றிவிடுங்கள். பல்கலைக்கழகக் குடும்பக் குடியிருப்பு அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சத்தம் பற்றிய புகாருக்கு நாங்கள் மூன்றாவது, நான்காவது எச்சரிக்கை வரை பொறுத்திருக்கிறோம், விருந்தினர் விவகாரத்தில் பேசி வழி கண்டிருக்கிறோம், ஆனால் மூடப்பட்ட அலாரத்தைப் பார்த்த நாளில் பேச்சுக்கே இடமிருந்ததில்லை, ஏனென்றால் அந்தக் கருவி காப்பது உங்கள் வீட்டை மட்டுமல்ல, உங்களோடு சுவரையும் கூரையையும் பகிர்ந்துகொள்ளும் எல்லா வீடுகளையும்தான். அமெரிக்க வீடுகளில் தீப்பிடிப்பதற்கு முதற்காரணம் சமையல்தான் என்று அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தொடர்ந்து சொல்லிவருகிறது. மூடிய அலாரத்தோடு ஒரு சிறு தீ விபத்து நேர்ந்தால், சேதத்திற்கான தொகை முழுவதையும் உங்களிடம் கேட்கும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் அலுவலகத்திற்கு இருக்கிறது.

அலாரம் தேவையில்லாமல் அலறுவது உங்கள் தவறும் அன்று, நம் சமையலின் தவறும் அன்று; பெரும்பாலும் அது கருவி இருக்கும் இடத்தின் தவறு. அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி அலாரத்தைப் பொருத்த வேண்டும் என்பது அதே சங்கத்தின் பரிந்துரை. பழைய வீடுகளில் இந்த இடைவெளி இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கருவிகளிலும் இரண்டு வகை உண்டு: அயனியாக்க முறையில் வேலை செய்வது தாளிப்புப் புகையின் நுண்துகளுக்கு உடனே அலறும், ஒளியால் உணரும் வகை சமையல் புகையைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். 10 ஆண்டுகளைக் கடந்த கருவியை மாற்றியே ஆக வேண்டும். தயாரித்த தேதி பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி வழியாக மறுபடியும் சமையலறைக்கே அனுப்புகிறதா என்பதையும் பாருங்கள். இவற்றையெல்லாம் குறிப்பிட்டு, எந்தெந்த நாளில் எத்தனை முறை அலறியது என்ற கணக்கோடு, பராமரிப்புக் கோரிக்கை ஒன்றை இந்த வாரமே பதிவு செய்யுங்கள். பார்வையிட வருகிறவர்கள் அடுத்த மாதம் காண வேண்டியது கழற்றிய உறையை அல்ல. அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் எழுப்பிய, அவர்கள் இன்னும் தீர்க்காத கோரிக்கையை.

கோரிக்கை பதிவாவதில் நான் இவ்வளவு குறியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் வாசலில் நின்று அண்டை வீட்டாரிடம் எவ்வளவு பணிவாகப் பேசுகிறீர்கள் என்பதும், மகனை எத்தனை முறை 'மெதுவாகப் போ' என்று அதட்டுகிறீர்கள் என்பதும் தெரியாது. அவர் முன்னால் ஒரு கோப்பு இருக்கிறது. உங்கள் கோப்பில் இன்றைக்கு என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: கீழ்வீட்டுப் பெண்ணின் புகார்கள், அலுவலகம் அனுப்பிய இரண்டு கடிதங்கள், அவ்வளவுதான். உங்கள் தரப்பில் ஒரு வரிகூட அதில் இல்லை. நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் வராததை அலட்சியம் என்று நினைக்கிறீர்கள். காரணம் வேறாக இருக்கலாம்: ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் உங்கள் கணவர். மாணவர் தொடர்பான பதிவுகளை அந்த மாணவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பிறரிடம் வெளியிடப் பல்கலைக்கழகத்தைத் தடுக்கும் ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் 1974 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனைவியும் அந்தப் 'பிறர்' பட்டியலில் சேர்ந்தவரே. மாணவரைச் சார்ந்து வந்திருக்கும் பெண்கள் பலர், வீட்டு விவகாரங்களையெல்லாம் தாங்களே கவனித்துக்கொண்டு, அலுவலகம் மட்டும் தங்களை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை என்று மனம் நொந்ததை நான் அறிவேன். அதை மாற்ற ஒரே ஒரு படிவம் போதும்: உங்களிடமும் பேசலாம் என்று கணவர் ஒப்புதல் எழுதிக்கொடுக்க வேண்டும். அதுவரையில் கடிதங்கள் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே போகட்டும்.

அதே சட்டம் அவருக்கு இன்னோர் உரிமையையும் தருகிறது. தன்னைப் பற்றிய பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று மாணவர் கேட்டால், 45 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் காட்டியாக வேண்டும். கீழ்வீட்டுப் பெண்ணும் மாணவியாக இருந்தால் அவரை அடையாளம் காட்டும் பகுதிகளை மறைத்துவிட்டே காட்டுவார்கள். ஆனாலும் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வகைச் சத்தம் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எச்சரிக்கைக் கடிதங்களுக்கான உங்கள் பதிலை அதற்குப் பிறகு எழுதினால் அது குறிபார்த்து எழுதிய பதிலாக இருக்கும். ஆனால் 45 நாள் காத்திருக்கவும் வேண்டாம். கடிதம் கிடைத்தது, விவரங்களைக் கேட்டிருக்கிறோம், இதற்கிடையில் இன்னின்ன ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம் என்று சுருக்கமான பதில் ஒன்றை உடனே அனுப்பிவிடுங்கள். 'எங்கள் வீட்டில் சத்தமே இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் பணிக்காலத்தில் நான் அதிகம் படித்த வாக்கியமும் அதுதான், எழுதியவருக்கு ஒருமுறைகூட உதவாத வாக்கியமும் அதுதான்.

ஏன் உதவாது என்றால், மேலே நடப்பவருக்குக் கேட்காத சத்தம் கீழே இருப்பவருக்கு உண்மையிலேயே கேட்கும். பேச்சும் பாட்டும் காற்றின் வழியே போகின்றன. காலடி அப்படியில்லை, அது தளத்தையே அதிர வைத்துக் கட்டடத்தின் உடல் வழியாக இறங்குகிறது. குழந்தைகள் குதிகாலை ஊன்றி ஓடுபவர்கள். பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு சிறுவனின் ஓட்டம், மரச்சட்டத்தால் ஆன தளத்தில், கீழே மேளம் போல ஒலிக்கும். இன்றைய அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு, அடுக்குமாடி வீடுகளுக்கு இடையிலான தளம் காற்றொலியைத் தடுப்பதிலும் மிதியொலியைத் தடுப்பதிலும் தனித்தனியே 50 என்ற மதிப்பீட்டையாவது எட்ட வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் குடும்பக் குடியிருப்புகள் பலவும் அந்த விதி வருவதற்கு முந்தையவை. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1944 ஆம் ஆண்டின் ஜி.ஐ. மசோதா தந்த உதவித்தொகையோடு மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு கல்லூரிகளில் வந்து குவிந்தார்கள். 1947 இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் 49 விழுக்காட்டினர் முன்னாள் வீரர்களே. மணமான மாணவருக்கு வீடு என்ற ஏற்பாடு பரவலானது அந்த நெருக்கடியில்தான். அதைத் தொடர்ந்த இருபது ஆண்டுகளில் அவசரமாகவும் சிக்கனமாகவும் எழுந்த கட்டடங்களில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. உங்கள் கட்டடத்தின் வயதை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழையது என்றால், கீழே கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கு உங்கள் மகனுடையது, இன்னொரு பங்கு கட்டியவர்களுடையது. பதில் கடிதத்தில் இதைக் கௌரவமாகச் சுட்டிக்காட்டலாம்.

தடித்த விரிப்பும் அதன் அடியில் ரப்பர் அல்லது கம்பளி மெத்தையும் போட்டால், பொம்மை விழுவது, நாற்காலி இழுப்பது போன்ற கூர்மையான சத்தங்கள் வெகுவாகக் குறையும். ஓடும் காலின் 'தொம் தொம்' என்ற ஒலி ஓரளவுதான் குறையும்; கடைக்காரர் என்ன சொன்னாலும் இதுதான் உண்மை. அதற்கு இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே பயன் தரும். இத்தகைய கட்டடங்களில் பெரும்பாலும் மேல்வீடும் கீழ்வீடும் ஒரே வரைபடத்தில் அமைந்தவை. உங்கள் மகனின் அறைக்கு நேர்கீழே இருப்பதும் ஒரு படுக்கையறையாகத்தான் இருக்கும். உங்கள் கூடத்துக்குக் கீழே கூடம். ஓட்டமும் குதியாட்டமும் கூடத்தில் நடக்கட்டும், படுக்கையறை படிப்புக்கும் பொம்மைக்கும் இருக்கட்டும் என்று வகுத்துவிட்டாலே பல புகார்கள் தணிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இனி, குழந்தை ஓடுவது குற்றமா என்ற கேள்வி. குற்றம் இல்லை. 1968 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு குடும்பத்தைப் பாகுபடுத்தக் கூடாது என்ற பாதுகாப்பு அதில் சேர்க்கப்பட்டது. மாணவர் குடியிருப்பும் அந்தச் சட்டத்தின் பொருளில் வசிப்பிடமே என்று 2013 இல், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகம் தொடர்பான வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று கூறியது. அது ஒரு மாணவி தன் நாயை உடன் வைத்துக்கொள்வது பற்றிய வழக்கு என்றாலும் உங்களுக்கும் அது பொருந்தக்கூடிய கருத்து. ஆனால் இந்தச் சட்டத்தைக் கேடயமாக எதற்குப் பிடிக்கலாம், எதற்குப் பிடிக்க முடியாது என்பதில் தெளிவு வேண்டும். 'குழந்தைகள் புல்வெளியில் விளையாடக் கூடாது' என்று பிள்ளைகளை மட்டும் குறிவைக்கும் விதி சட்டத்தோடு மோதும். 'இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டும்' என்ற விதி, அது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தப்படும் வரையில், மோதாது. ஆகவே புகாரில் குறிக்கப்பட்ட நேரங்களைப் பாருங்கள். மாலை ஆறு மணி ஓட்டம் அமைதி நேரத்தில் அடங்காது. அதற்காக அனுப்பப்பட்ட எச்சரிக்கையை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம். பகலிலும் அளவுமீறிய சத்தம் கூடாது என்ற பொதுவிதி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும் என்பதால், அந்தக் கோரிக்கையை 'நான்கு வயதுக் குழந்தையின் வழக்கமான விளையாட்டு அளவுமீறியது ஆகுமா?' என்ற கேள்வியாக வைப்பது நல்லது. இப்படிக் கேட்டதற்காக உங்களைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. பாகுபாடு நடந்தது என்று பின்னால் தோன்றினால், மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது அந்த நிலை இல்லை என்பதே என் எண்ணம்.

மாமனார், மாமியார் வருகைதான் எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. 'யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று கணவர் சொல்வதை நம்பாதீர்கள். ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் போன வீட்டை எல்லோரும் கண்டுகொள்வார்கள். குழாய் பழுதுபார்க்க வருபவர் பார்ப்பார். சலவை அறையில் தெரியும். மாலையில் தாத்தா நடக்கப் போவார், எதிரில் வருபவர் நலம் விசாரிக்க, அவரும் 'இங்கே மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போகிறோம்' என்று மகிழ்ச்சியோடு சொல்வார். பெற்றோரை ஒளித்துவைத்து வாழும் ஆறு மாதத்தில் அவர்களுக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் நிம்மதி இல்லை.

14 இரவு என்பது, அனுமதி கேட்காமல் தங்க வைப்பதற்கான எல்லை என்றே பல ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் நெருங்கிய உறவினரைத் தங்க வைக்கத் தனி விண்ணப்பம் உள்ள பல்கலைக்கழகங்கள் பல. அந்த வசதி உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் எண்ணிக்கை ஒரு தடையாக வரலாம். நீங்கள் மூவர், அவர்கள் இருவர், ஆக ஐவர். வீடோ இரண்டு படுக்கையறை. ஒரு படுக்கையறைக்கு இருவர் என்பது பொதுவாக நியாயமான வரம்பு என்று மத்திய வீட்டுவசதித் துறையின் 1991 ஆம் ஆண்டுக் குறிப்பாணை சொல்கிறது. அறைகளின் பரப்பு, பிள்ளைகளின் வயது முதலியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் அதே குறிப்பாணை சொல்கிறது. படுக்கையறைக் கணக்குக்கு மேல் ஒருவரைக் கூடுதலாக அனுமதிக்கும் இடங்களும் உண்டு. எனவே விண்ணப்பத்தில் அறைகளின் அளவையும் மகனின் வயதையும் எழுதுங்கள். நீண்டகால விருந்தினர் குடியிருப்போர் கணக்கில் வருவாரா என்பதையும் எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் தொலைபேசியில் ஒருவர் சொன்ன 'பரவாயில்லை' என்ற சொல் அவர் வேலை மாறிப்போன பிறகு எங்கும் இருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள் நிலுவையில் இருக்கும்போது இந்த விண்ணப்பம் போனால் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம். முதலில் சத்தம் பற்றிய பதிலும் அலாரம் பற்றிய கோரிக்கையும் கோப்பில் ஏறட்டும். பிறகு, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், இதை அனுப்புங்கள். ஆறு மாதம் தேவையென்றால் ஆறு மாதம் என்றே கேளுங்கள். ஒரு மாதம் என்று எழுதிவிட்டு நீட்டிக்கொண்டே போவது உங்கள் சொல்லின் மதிப்பைக் கெடுக்கும். பி-2 என்ற சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது என்றாலும், அது குடிவரவு அதிகாரி நுழைவின்போது தருவது. குடியிருப்பு அலுவலகத்துக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு மாதத்துக்குத்தான் அனுமதி என்று பதில் வந்தால், மீதிக் காலத்துக்கு அருகில் ஓர் அறையைக் குறுகிய கால வாடகைக்குப் பிடிப்பதா, பயணத்தைச் சுருக்குவதா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். அது கசப்பான பேச்சாக இருக்கலாம். ஆனாலும் அதை இப்போதே பேசுவது, அவர்கள் வந்து இறங்கியபின் மூன்றாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதை விட மேல்.

அவர்கள் வந்த பிறகு வரக்கூடிய சின்னச் சின்னச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் காலையில் விளக்கேற்றி ஊதுபத்தி வைக்க விரும்புவார். பெரும்பாலான பல்கலைக்கழகக் குடியிருப்புகளில் திறந்த சுடருக்குத் தடை உண்டு, மின்விளக்குதான் வழி. செருப்புகளை வாசலுக்கு வெளியே நடைவழியில் கழற்றிவிடும் வழக்கமும் வேண்டாம். தீ நேர்ந்தால் ஓட வேண்டிய பாதை அது என்பதால் பார்வையிட வருபவர்கள் முதலில் குறித்துக்கொள்வது அதைத்தான். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளலாமே என்று யாராவது ஆசை காட்டினால், நீங்களும் சரி, அவர்களும் சரி, மறுத்துவிடுங்கள். ஒப்பந்தம் வீட்டில் தொழில் நடத்தத் தடை விதிப்பது ஒருபுறம். உங்களைப் போல மாணவரைச் சார்ந்து வந்தோருக்கான எஃப்-2 விசாவிலோ பி-2 விசாவிலோ இருப்பவர் ஊதியத்துக்கு வேலை செய்யவே கூடாது என்பது மறுபுறம்.

விசாவைப் பற்றிய உங்கள் பயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். வீட்டு ஒப்பந்தம் முறிவதால் மட்டும் கணவரின் எஃப்-1 என்ற மாணவர் விசா நிலை பறிபோகாது. கணவர் முழுநேர மாணவராகத் தொடர்கிறாரா என்பதே அங்கே கேள்வி, உங்கள் எஃப்-2 நிலையும் அதையே சார்ந்திருக்கிறது. வீடு மாறினால் புதிய முகவரியை 10 நாட்களுக்குள் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: குடியிருப்பு விதிமீறல் மாணவர் ஒழுங்கு நடவடிக்கையாக மாறி, அதன் முடிவில் அவர் படிப்பிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டால் விசா நிலையும் ஆட்டம் காணும். சத்தத்துக்காக அந்த அளவுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. அலாரத்தை மூடிவைத்ததை மறைத்துப் பொய் சொன்னால் போகலாம். காலி செய்யும்படி அறிவிப்பு வந்தால், உங்கள் ஒப்பந்தம் குத்தகையா, வெறும் தங்கும் உரிமமா என்பதையும் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பொறுத்தே உரிமைகள் அமையும்; அப்போது வளாகத்தின் மாணவர் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எதிராக வாதாட அவர்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்பதால் முதல் கேள்வியாக அதையே கேட்டுவிடுங்கள். நடுநிலையாகக் கேட்டு வழிசொல்லும் குறைகேள் அலுவலகம் ஒன்றும் பல வளாகங்களில் உண்டு.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம்; எச்சரிக்கைக் கடிதத்தில் அவரோடு தொடர்புகொள்ள வேண்டாம் என்று அலுவலகம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதியிருந்தால் அலுவலகத்தின் வழியாகச் சமரசப் பேச்சு கேளுங்கள். இல்லையென்றால் ஒரு விடுமுறை நாள் முற்பகலில் நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள். பையனை அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம், இனிப்பும் வேண்டாம். நீங்கள் ஏன் புகார் செய்தீர்கள் என்றும் கேட்காதீர்கள். எந்த அறையில், எந்த நேரத்தில் அதிகம் கேட்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவராக இருக்கலாம். கூடத்தில் கட்டில் போட்டுப் படுப்பவராக இருக்கலாம். அப்படியானால் நான் மேலே சொன்ன அறைக் கணக்கே தலைகீழாகிவிடும். விரிப்பு வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.